அத்தி பூக்குமா? ஒரு மரத்தை அண்டி வாழும் உயிர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் ஏரிக்கரையில் ஒரு நாட்டு அத்தி நிற்கிறது. கொஞ்ச தூரத்தில் ஓர் ஆலமரம், பிள்ளையார் மேடையில் ஓர் அரசமரம். விடுமுறை நாட்களில் பிள்ளைகளையும், கூட வருகிற பெரியவர்களையும் அங்கே அழைத்துப் போவேன். உயிர்கள் ஒன்றையொன்று எப்படிச் சார்ந்திருக்கின்றன என்பதைப் பாடமாகச் சொன்னால் யார் மனதிலும் நிற்பதில்லை. ஓர் அத்திக்காயைப் பிளந்து கையில் கொடுத்தால் கேள்விகள் தானாக வருகின்றன. திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் இவை. அத்தி, ஆல், அரசு, இத்தி எல்லாம் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. உலகம் முழுக்க இந்தப் பேரினத்தில் 750க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பொதுவாகச் சொல்லும்போது 'அத்தி இனம்' என்றே எழுதியிருக்கிறேன்.

'அத்தி பூத்தாற்போல' என்கிறோமே, அத்தி உண்மையில் பூக்குமா?

பூக்கும். வருஷத்தில் பல முறை பூக்கும். நாம் அந்தப் பூவைக் காய் என்று நினைத்துக் கடந்து போய்விடுகிறோம், அவ்வளவுதான். ஒரு சூரியகாந்திப் பூவைக் கையில் எடுத்து, பூக்கள் உள்பக்கம் போகும்படி விளிம்பை மடக்கி, பாட்டியின் சுருக்குப்பை மாதிரி வாயை இழுத்துக் கட்டிவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். அத்தியின் அமைப்பு அதுதான். அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பச்சை உருண்டைக்குள் பூக்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. இனத்தைப் பொறுத்துச் சில நூறும் இருக்கலாம், சில ஆயிரமும் இருக்கலாம்.

'காணாமல் பூப்பூக்கும், கண்டு காய்காய்க்கும், அது என்ன?' என்று விடுகதை போட்டவர்கள் இதைச் சரியாகவே கவனித்திருக்கிறார்கள்.

மூடிய பைக்குள் இருக்கும் பூவுக்கு மகரந்தம் எப்படிப் போய்ச் சேருகிறது?

பையின் அடியில், காம்புக்கு நேர் எதிர்ப்பக்கம், ஒரு சின்ன வாய் இருக்கும். செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மூடியிருப்பதால் குண்டூசி முனைகூட எளிதில் நுழையாது. அந்த வழியாக நுழையத் தெரிந்தது அத்திக் குளவி மட்டும்தான். குளவி என்றதும் கொட்டுகிற குளவியை நினைக்க வேண்டாம். இது எள்ளை விடச் சிறியது, நம்மைக் கொட்டாது.

பூக்கள் தயாரானதும் காயிலிருந்து ஒரு வாசம் கிளம்புகிறது. நம் மூக்குக்கு அது பெரிதாகத் தெரியாது. பெண் குளவி அந்த வாசத்தைப் பிடித்துக்கொண்டு வந்து, வாயின் செதில்களுக்கு இடையே தலையைக் கொடுத்து நெருக்கித் தள்ளி உள்ளே போகிறது. போகிற போக்கில் இறக்கைகள் பிய்ந்து விழுந்துவிடும், உணர்கொம்புகளும் முறியும். திரும்பி வர வழியில்லை.

உள்ளே பூக்களின் சூல்தண்டுகள் எல்லாம் ஒரே நீளத்தில் இல்லை. குட்டையாக இருக்கும் பூக்களில் குளவியின் முட்டையிடும் குழல் சூலகம் வரை எட்டுகிறது, அங்கே முட்டை வைக்கும். நீளமானவற்றில் பெரும்பாலும் எட்டாது, அவை விதையாகின்றன. நாட்டு அத்தியின் குளவிக்கு மார்பில் மகரந்தம் வைத்துக்கொள்ள இரண்டு பைகளே உண்டு. முட்டையிடும்போதே அந்தப் பையிலிருந்து மகரந்தத்தை எடுத்துச் சூல்முடியில் தடவுகிறது. கால்தவறிப் பட்டுவிட்ட மகரந்தம் என்று இதைச் சொல்ல முடியாது, குளவி வேலையாகவே செய்கிறது. அந்த வேலை முடிந்ததும் அங்கேயே செத்துப் போகிறது.

சில வாரங்கள் கழித்து அடுத்த தலைமுறை வெளிப்படும். முதலில் ஆண்கள். இறக்கை கிடையாது. தங்கள் பூவைக் கடித்துக்கொண்டு வெளியே வந்து, இன்னும் பூவுக்குள் அடைபட்டிருக்கும் பெண்களைத் தேடி இணைசேர்கின்றன. அப்புறம் காயின் சுவரைக் குடைந்து ஒரு வழி போடுகின்றன. அந்த வழியாக அவை பறந்து போவதில்லை, வழியைப் போட்டுவிட்டு இறந்துவிடுகின்றன. அதே சமயத்தில் காய்க்குள் ஆண்பூக்கள் முதிர்ந்து மகரந்தம் தயாராக இருக்கும். பெண்கள் அதை நிரப்பிக்கொண்டு, ஆண்கள் போட்ட வழியில் வெளியே வந்து, வேறொரு மரத்தைத் தேடிப் பறக்கின்றன. அவற்றுக்கு இருப்பது ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள்.

ஒரு நாள் ஆயுளில் அவ்வளவு சிறிய பூச்சி எவ்வளவு தூரம் போய்விட முடியும்?

காற்று கூட்டிக்கொண்டு போகிறது. குளவி மரத்துக்கு மேலே எழும்பிக் காற்றோட்டத்தில் மிதக்கும், வாசம் கிடைத்த இடத்தில் இறங்கும். நமீபியாவின் பாலைவன ஆற்றங்கரையில் நிற்கும் அத்தி மரங்களின் மரபணுவைச் சோதித்து 2009இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. குளவிகள் 160 கிலோமீட்டர் தொலைவு வரை மகரந்தத்தைக் கொண்டுபோயிருப்பது அதில் தெரிய வந்தது. பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது சென்னையிலிருந்து விழுப்புரம் வரை என்பேன், உடனே கண் விரியும்.

எல்லாக் குளவிக்கும் அந்த அதிர்ஷ்டம் கிடைப்பதில்லை. காயிலிருந்து கிளம்புகிறவற்றில் பெரும்பாலானவை எங்கும் போய்ச் சேருவதே இல்லை.

ஆலுக்கும் அரசுக்கும் அதே குளவிதானா?

இல்லை. நாட்டு அத்திக்கு ஒரு குளவி இனம், ஆலுக்கு இன்னொன்று, அரசுக்கு வேறொன்று. மூன்று மரமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும் ஒன்றின் குளவி மற்றொன்றுக்குப் பெரும்பாலும் போகாது, வாசம் வேறு. சில அத்தி இனங்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட குளவிகள் இருப்பதும் தெரிய வந்திருக்கிறது. ஆனாலும் 'இந்த மரத்துக்கு இந்தக் குளவி' என்பதுதான் பொதுவான வழக்கம்.

இந்த உறவு 7 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது என்று மரபணுக் கணக்குகள் சொல்கின்றன. இங்கிலாந்தின் வைட் தீவில் கிடைத்த 3 கோடியே 40 லட்சம் ஆண்டுப் பழைமையான குளவிப் புதைபடிவம், இன்றைய அத்திக் குளவியின் அமைப்பிலேயே இருக்கிறது. மகரந்தப் பைகூட உண்டு.

குளவி மகரந்தம் கொண்டு வராமல் முட்டையை மட்டும் இட்டுவிட்டுப் போனால் மரம் என்ன செய்யும்?

மரம் தண்டிக்கும். பனாமாவில் ஆய்வாளர்கள் மகரந்தம் இல்லாத குளவிகளை வேண்டுமென்றே காய்களுக்குள் விட்டுப் பார்த்தார்கள். முடிவுகள் 2010இல் வந்தன. பல இனங்களில் மரம் அந்தக் காய்களை உதிர்த்துவிட்டது, உள்ளிருந்த குஞ்சுகளும் சேர்ந்து போயின. உதிராமல் நின்ற காய்களிலும் பிழைத்துவந்த குஞ்சுகள் குறைவு. குளவி தானாகவே மகரந்தம் எடுத்துத் தடவும் இனங்களில்தான் இந்தத் தண்டனை கடுமையாக இருந்தது. இதற்கு மரம் யோசித்து முடிவெடுக்க வேண்டியதில்லை. விதை பிடிக்காத காய்க்குச் சத்து அனுப்புவது வீண் என்பதால் அதை விட்டுவிடுகிறது, ஏமாற்றிய குளவியின் வம்சம் அதோடு நிற்கிறது.

காயைப் பிளந்தால் பல விதமான பூச்சிகள் தெரிகின்றனவே, எல்லாம் மகரந்தக் குளவியா?

இல்லை, இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது. காய்க்கு வெளியே நின்று கவனித்தால், உடம்பை விட நீளமான ஊசி போன்ற வாலோடு சில குளவிகள் உட்கார்ந்திருக்கும். அவை உள்ளே போவதில்லை. அந்த ஊசியால் காயின் சுவரைத் துளைத்து, வெளியிலிருந்தபடியே உள்ளே முட்டை வைக்கின்றன. சில பூவைத் தின்று வளரும். சில மற்றக் குளவிகளின் குஞ்சுகளையே தின்று வளரும். மரத்துக்கு இவற்றால் பயன் ஒன்றுமில்லை. நாட்டு அத்தியில் வாழும் இப்படிப்பட்ட ஒரு குளவியின் ஊசிமுனையைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தினர் ஆராய்ந்தபோது, அதில் துத்தநாகம் ஏறிக் கெட்டிப்பட்டிருந்ததைக் கண்டார்கள். முடியை விட மெல்லிய ஒரு துளையிடும் கருவி!

அப்புறம் எறும்பு. இலைகளைப் பட்டுநூலால் ஒட்டிக் கூடு கட்டுமே, கடித்தால் சுரீரென்று எரியுமே, அந்த முசுறு எறும்புதான். அத்திக் கொத்துகளில் இது ரோந்து போகும். வெளியே உட்கார்ந்து நேரம் எடுத்துத் துளைபோடும் குளவி அதன் கையில் சுலபமாக மாட்டும். சட்டென்று உள்ளே புகுந்துவிடும் மகரந்தக் குளவிக்கு ஆபத்து குறைவு. மரத்துக்கு இது ஒரு காவல். அதற்காக எறும்பு நல்லது கெட்டது பார்த்துப் பிடிக்கிறது என்று நினைக்க வேண்டாம். காயிலிருந்து வெளிவரும் மகரந்தக் குளவிகளையும் அது விடாது, அகப்பட்டதைத் தின்னும்.

இன்னும் சிறியவையும் உண்டு. கண்ணுக்கே தெரியாத நூற்புழுக்கள் குளவியின் உடம்பில் ஏறி ஒரு காயிலிருந்து இன்னொரு காய்க்குப் பயணம் போகின்றன. பஸ் ஏறுகிற மாதிரிதான். கூட்டம் அளவோடு இருந்தால் குளவிக்குப் பெரிய தொந்தரவு இல்லை, அளவு மீறி ஏறினால் குளவியால் பறக்க முடியாமல் போகும், நூற்புழுக்களும் போய்ச் சேராது.

பாடப் புத்தகத்தில் கூட்டுவாழ்வு, ஒட்டுண்ணி, இரை தின்னல், போட்டி என்று பிரித்திருக்கிறார்களே. அத்தி எந்தப் பிரிவில் வரும்?

மேலே சொன்னதைப் படித்தால் எல்லாமே ஓர் எலுமிச்சை அளவுகூட இல்லாத காய்க்குள் நடப்பது தெரியும். பிரிவுகள் தேர்வுக்கு உதவும், மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஆனால் மகரந்தக் குளவியே பாதி உதவி, பாதி தீனி: ஒவ்வொரு குஞ்சும் விதையாகியிருக்க வேண்டிய ஒரு பூவைத் தின்றுதான் வளர்கிறது.

அப்படியானால் நாம் தின்னும் அத்திப்பழத்தில் செத்த குளவி இருக்குமா? சைவர்கள் சாப்பிடலாமா?

எல்லாக் கூட்டத்திலும் வரும் கேள்வி. கடையில் விற்கும் சீமை அத்தி வேறு இனம். இந்தியாவில் பெருமளவில் பயிராகும் பூனா ரகம் மகரந்தம் இல்லாமலே பழுக்கும், குளவிக்கு அங்கே வேலையில்லை. துருக்கியின் ஸ்மிர்னா வகை அப்படியில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1880களில் ஸ்மிர்னா மரங்களைக் கொண்டுபோய் நட்டார்கள். மரம் செழித்தது, காய் பழுக்காமல் உதிர்ந்துகொண்டே இருந்தது. குளவியையும் கொண்டுபோய் 1899இல் நிலைபெறச் செய்த பிறகுதான் பழம் கிடைத்தது. அப்படிப்பட்ட பழத்தில் ஒரு குளவி நுழைந்து இறந்திருக்கும். அத்தியின் பாலில் புரதத்தைக் கரைக்கும் நொதி உண்டு, பழுக்கும்போது பெரிதாக எதுவும் மிஞ்சாது. பல்லில் நெறுநெறுவென்று படுவது விதைதான்.

நாட்டு அத்திப்பழம் வேறு கதை. 'அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை' என்ற பழமொழி அதைப் பார்த்துத்தான் வந்தது. பிட்டு, ஊதி, தட்டிவிட்டுத் தின்பதுதான் எங்கள் பக்கத்துப் பழக்கம். சாப்பிடலாமா என்ற முடிவு உங்களுடையது.

பழுத்த பிறகு மரத்துக்கு யார் யார் வருகிறார்கள்?

ஆலமரம் பழுத்திருக்கும் வாரத்தில் விடிகாலை போய் நின்று பாருங்கள். குக்குறுவான், குயில், மாங்குயில், மைனா, கொண்டைக்குருவி எல்லாம் ஒரே நேரத்தில் பந்தியில் உட்கார்ந்திருக்கும். அணில் ஒருபக்கம், குரங்கு ஒருபக்கம். கரிச்சான் பழத்துக்கு வருவதில்லை, பழத்தைச் சுற்றும் பூச்சிக்கு வருகிறது. இருட்டினால் பழந்தின்னி வௌவால் வரும். பழத்தை மென்று சாற்றையும் பொடி விதைகளையும் விழுங்கிவிட்டுச் சக்கையைத் துப்பும், பல கிலோமீட்டர் பறந்து போய் விதையை எச்சமாகப் போடும்.

வருகிற எல்லாரும் விதைக்கு நல்லது செய்வதில்லை. பச்சைப்புறா விருந்தில் முதல் ஆளாக இருக்கும், ஆனால் அதன் அரைவைப்பையில் பெரும்பாலான விதைகள் மாவாகிவிடும். மரத்தின் கணக்கில் அது நஷ்டம். குயிலும் மைனாவும் விதையை அரைக்காமல் வெளியேற்றுகின்றன.

ஆனைமலைப் பக்கம் போனால் இந்தப் பந்திக்குத் தலைமை இருவாச்சி. பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு, ஒரு கீற்று இடைவெளி மட்டும் விட்டு, மாதக்கணக்கில் உள்ளேயே இருக்கும். ஆண் தொண்டைக்குள் பழங்களை நிரப்பிக்கொண்டு வந்து ஒவ்வொன்றாக அலகில் எடுத்துக் கொடுக்கும். அந்தப் பழங்களில் பெரும்பங்கு காட்டு அத்திகள். வால்பாறையில் ஒரு முறை இதைப் பார்த்தேன்: ஒரே வருகையில் பழம் பழமாக அது எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தது, நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

காட்டில் எத்தனையோ பழமரங்கள் இருக்க, அத்திக்கு மட்டும் ஏன் இவ்வளவு மதிப்பு?

காலம்தான் காரணம். மற்ற மரங்கள் பருவம் பார்த்துப் பழுக்கும். அத்தி இனங்களில் ஒரு மரத்தின் காய்கள் எல்லாம் சேர்ந்து பழுத்தாலும், அடுத்த மரம் வேறு மாதத்தில் பழுக்கும். இது குளவியால் வந்த ஏற்பாடு. ஒரு நாள் வாழும் குளவிக்கு எப்போதும் எங்காவது பூத்த மரம் வேண்டும், இல்லாவிட்டால் வம்சம் அறுந்துவிடும். அதன் பயனாக வேறு எந்தப் பழமும் கிடைக்காத நாட்களிலும் காட்டில் எங்காவது ஓர் அத்தி பழுத்திருக்கிறது. உலகளவில் 1,200க்கும் மேற்பட்ட பறவை, விலங்கு இனங்கள் அத்திப்பழம் தின்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

அமெரிக்கச் சூழலியலாளர் ராபர்ட் பெயின், கடற்கரைப் பாறைகளிலிருந்து ஒரு வகை நட்சத்திர மீனை மட்டும் எடுத்துவிட்டுப் பார்த்தார். மட்டிச்சிப்பிகள் பெருகி மற்ற உயிர்களை நெருக்கி வெளியேற்றின. ஒன்றை எடுத்தால் மொத்தமும் குலைகிற அப்படிப்பட்ட இனத்துக்கு 1969இல் ஒரு பெயரும் வைத்தார். அதை நான் தமிழில் அச்சாணி இனம் என்பேன். பல வெப்பமண்டலக் காடுகளில் அந்த இடம் அத்திகளுக்குத்தான்.

பனைமரத்தின் மேல் ஆலமரம் முளைத்துப் பனையை நெரித்துக் கொல்கிறதே, அது நியாயமா?

பறவை பனையில் உட்கார்ந்து எச்சமிடுகிறது. பனையின் மட்டை அடிகளில் தூசும் சருகும் தங்கி, மழையில் ஈரம் பிடித்து மண் மாதிரி ஆகியிருக்கும். விதை அங்கே முளைத்து, வேரைக் கீழே இறக்கும். வேர் தரையைத் தொடும் வரை செடி மெதுவாகவே வளரும், தொட்ட பிறகு வேகம் பிடிக்கும். இருண்ட காட்டில் தரையில் முளைத்தால் வெயில் கிடைக்காது என்பதால் உருவான வழி இது. கோபுரத்து இடுக்கில் அரசு முளைப்பதும் இதே வழக்கம்தான்.

நெரிப்பது பற்றி ஒன்று: பனை மற்ற மரங்களைப் போல ஆண்டுக்காண்டு பருப்பதில்லை. அதனால் சுற்றிய வேர் அதன் அடிமரத்தை இறுக்குவதை விட, மேலே ஆலின் தழை வெயிலை மறைப்பதுதான் அதற்கு எமன். பல ஆண்டுகள் இரண்டும் சேர்ந்தே நிற்பதை நம் ஊர்ப்பக்கம் நிறையப் பார்க்கலாம்.

இலையைப் புழு தின்கிறது, மருந்து அடிக்கலாமா?

வேண்டாம். அது பெரும்பாலும் வெண்புள்ளிக் கருப்பன் போன்ற பட்டாம்பூச்சியின் புழு. இலையில் பால் வடியும் என்று அதற்குத் தெரியும். முதலில் நரம்பைக் கடித்துப் பாலை நிறுத்திவிட்டு அப்புறம் நிதானமாகத் தின்னும். மரம் அடுத்த துளிரில் ஈடுகட்டிவிடும். மருந்து அடித்தால் குளவியும் சாகும்.

குளவி இல்லாமல் போனால்?

நடந்திருக்கிறது. 1998இன் தொடக்கத்தில் எல் நினோ வறட்சியால் போர்னியோவின் லம்பீர் மலைக் காட்டில் சில அத்தி இனங்கள் காய் விடுவதையே நிறுத்தின. முட்டையிட இடமில்லாமல் அவற்றின் குளவிகள் அந்த வட்டாரத்திலிருந்தே அற்றுப் போயின. மழை வந்து மரங்கள் மீண்டும் காய்த்தபோது மகரந்தம் கொண்டுவர ஆளில்லை. மரம் சாகவில்லை, ஆனால் பழம் இல்லை. சிங்கப்பூரில் 2013இல் வந்த ஆய்வு, வெப்பம் சில டிகிரி கூடினாலே குளவியின் ஆயுள் சில மணி நேரமாகச் சுருங்குகிறது என்கிறது. எனக்கு உண்மையிலேயே பயம் தரும் செய்தி இது.

சாலைக்காக வெட்டிய ஓர் ஆலுக்குப் பதில் 10 கன்று நட்டால் போதாதா?

என்ன கன்று என்று முதலில் கேளுங்கள். எங்கள் பக்கம் சாலையை அகலப்படுத்தியபோது ஆல்வரிசை போயிற்று, பதிலுக்கு வந்தவை அழகுக்கு வளர்க்கும் செடிகள். அவற்றில் குக்குறுவானுக்குத் தின்ன ஒன்றுமில்லை. ஆலங்கன்றே நட்டாலும் அது வெட்டிய மரத்தின் அளவுக்குப் பழம் தர ஒரு தலைமுறை ஆகும். மரங்கள் ஒவ்வொன்றும் வேறு வேறு மாதத்தில் பூப்பதால், ஒரு வட்டாரத்தில் பல மரங்கள் நின்றால்தான் குளவிக்கு வருஷம் முழுக்க இடம் கிடைக்கும். வரிசையில் பாதி போனால் மீதிக்கும் அடி விழுகிறது.

வெட்டியே ஆக வேண்டுமென்றால் பெயர்த்து நடக் கேளுங்கள், ஆலும் அரசும் அதைத் தாங்கக் கூடியவை. ஆலம் போத்து ஒடித்து நட்டாலும் வேர் பிடிக்கும். சென்னை அடையாறு ஆலமரத்தின் தாய்மரம் 1989இல் புயல்காற்றில் சாய்ந்துவிட்டது. விழுதுகள் ஊன்றி இன்றும் நிற்கிறது. வீட்டுச் சுவர், கிணறு, கழிவுநீர்த் தொட்டி பக்கம் மட்டும் நடாதீர்கள், ஏரிக்கரையும் புறம்போக்கும் கோயில் நிலமும்தான் அதற்குச் சரியான இடம்.

இதையெல்லாம் நானே பார்க்க என்ன வழி?

நாட்டு அத்தியில் வெவ்வேறு பருவத்துக் காய்கள் மூன்று எடுத்துக்கொள்ளுங்கள், பிளேடால் நெடுக்காகப் பிளந்து கைலென்ஸில் பாருங்கள். இளங்காயில் இறக்கையில்லாத ஒரு கறுத்த உடல் கிடந்தால் அதுதான் நுழைந்து இறந்த தாய். அடுத்ததில் பூக்கள் உப்பிப் போயிருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு குஞ்சு. நிறம் மாறத் தொடங்கிய காய் ஒன்றைப் பிளக்காமல் கண்ணாடி பாட்டிலில் போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி, நிழலில் வையுங்கள். சரியான பருவத்துக் காயாக இருந்தால் காலையில் சுவரில் ஒரு துளை தெரியும், பாட்டிலின் ஓரமெல்லாம் குளவிகள் ஊர்ந்துகொண்டிருக்கும். ஒரு முறை பார்த்துவிட்டு உடனே மரத்தடிக்குக் கொண்டுபோய்த் துணியை அவிழ்த்துவிடுங்கள். அவற்றுக்கு இன்று ஒரு நாள்தான் இருக்கிறது.